பழைய எம்ஜிபி காருக்குப் புது சீட், கார்ப்பெட் செட்டை இப்போதே வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காமில் வசிக்கிறேன். சீரமைப்பதற்காக 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். சீட், கார்ப்பெட், டேஷ்போர்டு அனைத்தையும் கழற்றுவதற்குப் பட்டறைக்காரர் மணிக்கணக்கில் கூலி கேட்கிறார். பழையவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, தள்ளுபடி இருக்கும்போதே புது செட்டை இணையத்தில் வாங்கி வைக்கவும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: சீட்டையும் கார்ப்பெட்டையும் நீங்களே கழற்றலாம். புது செட்டை இப்போது வாங்க வேண்டாம். பழையதில் ஒரு துண்டைக்கூட எறிய வேண்டாம்.

எம்ஜிபிக்கு உடலைத் தாங்கும் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் தளத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) எனும் பகுதியுமே பெரும்பாலான பாரத்தைத் தாங்குகின்றன. கார்ப்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தார் விரிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் எளிதில் காயாது. மேலே பளபளப்பாகத் தெரியும் காரில்கூடத் தகடு அங்கேதான் அரித்துப்போயிருக்கும். ஆகவே உட்புறத்தைப் பிரிப்பதை நீங்கள் வாங்கிய பொருளை முதன்முறையாக முழுதாகப் பார்க்கும் பரிசோதனையாகவே கருத வேண்டும், அதைப் பிறர் கையில் விடுவானேன்?

முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். உங்கள் மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுகளுக்குப் பின்னால், தளத்துக்கு அடியில் இருக்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் முன் போல்ட்டுகளும், முன்னுக்கு இழுத்தால் பின் போல்ட்டுகளும் தெரியும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அவசரப்பட்டு ஸ்பானரை அழுத்தினால் போல்ட் முறிந்துவிடும். சீட் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள மரச்சட்டம் நனைந்த ரொட்டிபோல உதிர்ந்தால், அதன் கீழுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அங்கே வெல்டிங் வேலை காத்திருக்கிறது. சில்லையும் வெட்டி மாற்ற நேர்ந்தால், வெட்டும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே தாங்குகம்பி பொருத்தப்படுமா என்று பட்டறையில் கேளுங்கள். இல்லாவிட்டால் பிறகு கதவு சரியாக மூடாது. டேஷ்போர்டை மட்டும் ஒயரிங் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

இணையத்தில் வாங்கினால், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் உங்கள் அளவுக்கும் விருப்பத்துக்கும் தனியாகத் தைத்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற, பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம் 30 நாட்கள் தருகிறது. அதன் பிறகு விற்பவருக்குப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். டிங்கரிங்கும் பெயிண்டும் முடிய மாதங்கள் ஆகும் நிலையில், பிரிக்காத பெட்டியில் கிடக்கும் கார்ப்பெட் பொருந்தவில்லை என்று தெரியவரும்போது இந்தக் கெடு எப்போதோ கடந்திருக்கும். தள்ளுபடியில் மிச்சமாவதைவிட இதில் போவது அதிகம்.

கதவின் உட்புறத்தை மூடும் பழைய அட்டையில் உள்ள திருகு ஓட்டைகளும் கார்ப்பெட்டின் வெட்டும்தான் புதியதைச் சரிபார்க்கும் அச்சு. எம்ஜிபியின் சீட் துணியும் வடிவமும் ஆண்டுக்கு ஆண்டு மாறியவை: 1960களின் கார்களில் தோல், உங்கள் காலத்தில் வினைல், 1977 மாடலிலிருந்து கோடுபோட்ட துணி. ஆகவே 'எம்ஜிபிக்கு' என்று மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் கட்டணம் பெற்று வழங்கும் பாரம்பரியச் சான்றிதழில், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது உங்கள் கார் என்ன நிறத்தில் இருந்தது என்பது பதிவாகியிருக்கும்.

பிரித்து முடித்ததும் தளத்தைப் படமெடுத்துப் பட்டறையில் காட்டி, வெல்டிங்குக்குத் தனியாக எழுத்துப்பூர்வமான மதிப்பீடு கேளுங்கள். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.