கதிர்வீச்சுக்குப் பயந்து ரேடியோகிராபி வேண்டாம் என்கிறீர்களா?

மகள் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற ரேடியோகிராபி படித்தால் உடம்பில் கதிர்வீச்சு ஏறிவிடும், நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது சிக்கலாகும் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான் அம்மா, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எல்லா ஸ்கேனிலும் கதிர்வீச்சு இருக்கும் என்பதில்லை. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் உண்டு, எம்.ஆர்.ஐ. காந்தத்தையும் ரேடியோ அலையையும் வைத்துப் படம் எடுக்கிறது, அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. எக்ஸ்ரே கருவியிலும் பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் கதிர் வரும், அதன்பிறகு அறையில் எதுவும் தங்காது, அந்த நேரத்தில் டெக்னீஷியன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். நெஞ்சுப் பக்கம், உடம்பில் படும் கதிரைப் பதிவு செய்கிற டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார்கள், அதை வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி எவ்வளவு பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை அமைத்துத் தர வேண்டும்.

சரி, அப்புறம் எதைத்தான் யோசிக்க வேண்டும்? அவளுக்கு நோயாளிகளோடு பேசிப் பழகப் பிடிக்குமா என்று பாருங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பார்களே, அப்போது உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரிந்து தெரியும். வலியில் இருக்கிற ஒரு பெரியவரை அப்படி அசையாமல் நிற்க வைக்கத் தெரியாவிட்டால் படம் கலங்கும், திரும்ப எடுத்தால் அவருக்குத்தான் கூடுதல் கதிர். எம்.ஆர்.ஐ.யில் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும், அவசரத்தில் யாராவது இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே கொண்டுபோனால் அது பறந்துபோய்க் கருவியில் ஒட்டும், நடுவில் ஆள் இருந்தால் உயிரே போகும். வாசலிலேயே தடுத்து நிறுத்துகிற கண்டிப்பு அவளுக்கு வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர், அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு வேண்டும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி தகுதியுள்ள டாக்டர்கள்தான் செய்யலாம். "பாப்பா ஸ்கேன் பார்க்கப் போறேன்" என்ற ஆசையில் அவள் இதைக் கேட்டிருந்தால் இந்தப் படிப்பு அங்கே கொண்டுபோகாது.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய், சி.டி., எம்.ஆர்.ஐ. சொந்தமாக இருக்கிறதா, மாணவர்களைக் கருவியை இயக்கும் கன்சோலில் உட்கார வைக்கிறார்களா என்று இறுதியாண்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.