ஜி செவன் மட்டும் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் பழைய ஹார்மோனியத்தில் எல்லா ரீடும் (ஒலி எழுப்பும் பித்தளை நாக்கு) சரி என்றுதான் சுருதி பார்க்கும் போன் ஆப் காட்டுகிறது. ஆனால் பாட்டு முடிவதற்கு முன் வரும் ஜி செவன் கார்டு காதை உறுத்துகிறது. வாத்தியம் இல்லாமல் பாடினால் அதே கார்டு இனிக்கிறது. மலைக் குளிர்தான் காரணமா? ரீடைச் சுரண்டலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ரீடில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து. குளிரும் காரணமில்லை, குளிரில் சுருதி நகர்ந்தால் எல்லா ரீடும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நகரும். ஆப்பும் தப்பாகக் காட்டவில்லை, அது ஒரு ஸ்தாயியை 12 சம பங்காக, பங்குக்கு 100 சென்ட் என்று பிரித்த கணக்கில் பார்க்கிறது.

இந்தக் கார்டில் இருப்பவை ஜி, பி, டி, எஃப். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அவை முறையே ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நல்ல தம்புராவில் தானாக எழுகிற அந்தர காந்தாரத்தின் அதிர்வெண் ஸட்ஜத்தைப் போல 5/4 மடங்கு, அதாவது ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட். உங்கள் ஹார்மோனியத்தின் 'பி' 400-ல் நிற்கிறது, அந்த 14 சென்ட்தான் கார்டை நீட்டிப் பிடிக்கும்போது படபடவென்று துடிக்கிறது. பஞ்சமத்தில் 2 சென்ட்தான் வித்தியாசம், விடுங்கள். 'எஃப்' 1000-ல் இருக்கிறது. குரல்களின் அதிர்வெண்கள் 4:5:6:7 என்ற விகிதத்தில் இசைந்தால் அது 969-க்கு இறங்கும்.

அப்படியானால் எஃப்-ஐயும் இறக்கலாமே என்று தோன்றும். இறக்கினால் அடுத்து எஃப் மேஜர் வாசிக்கும்போது எஃப்–சி பஞ்சமம் 731 சென்டாகி ஊளையிடும். என்னைக் கேட்டால் எஃப் இனிக்கவும் வேண்டாம். கேட்பவரை சி மேஜருக்கு இழுப்பதுதான் அதன் வேலை. துடிப்பு போகட்டும், இழுப்பு இருக்கட்டும்.

ஐரோப்பாவின் பழைய ஆர்கன்களில் இருந்த கால்-கமா மீன்டோன் என்ற சுருதி சேர்க்கும் முறை இதைத்தான் செய்தது: ஜி-யிலிருந்து 'பி' துல்லியமாக 386, 'எஃப்' 1007. ஆனால் இ-ஃப்ளாட் பாட்டுக்கு ஏ-ஃப்ளாட் வேண்டும், அங்கே ஜி-ஷார்ப்தான் கிடைக்கும், அதிலிருந்து சி 427 சென்ட், காது தாங்காது. குழுவில் யாரிடமாவது ஸ்கேல் டியூன் (ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கும்) வசதியுள்ள கீபோர்டு இருந்தால், சி-யை அப்படியே விட்டு டி −7, இ −14, எஃப் +3, ஜி −3, ஏ −10, பி −17 என்று வைத்து சி மேஜர் பாட்டு ஒன்றை வாசித்துப் பாருங்கள். ரீடில் அப்படிப் பரிசோதிக்க முடியாது, நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், எப்படியானாலும் போன பித்தளை திரும்பாது.

ஹார்மோனியத்துக்கு வேறு வழி இருக்கிறது. அந்தக் கார்டில் ஜி, டி, எஃப் மட்டும் வாசியுங்கள், 'பி'-யை ஆல்டோ (பெண்களில் கீழ்க்குரல் பாடுபவர்கள்) பாடட்டும்.