எச்சில் இலைக்கு 500 ரூபாய்: எந்த விதிப்படி?

கேள்வி: காவிரிக் கரையோர நகராட்சி ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்ன மெஸ் நடத்துகிறேன். எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் ஒரே கூடையில் கிடப்பதாகச் சொல்லி, சுகாதார ஆய்வாளர் 500 ரூபாய் அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அதில் ‘துணை விதிகளின்படி’ என்று மட்டும் இருக்கிறது. அப்படி ஒரு விதி வந்தது கடைத்தெருவில் யாருக்குமே தெரியாது. கேட்டால், ‘கவுன்சிலில் தீர்மானம் போட்டாச்சு’ என்கிறார்கள். ஒரு தண்டோராகூடப் போடவில்லை. இது செல்லுமா?

பதில்: தண்டோராவை விடுங்கள். அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி 2022-லேயே தலைமைச் செயலர் கலெக்டர்களுக்கு எழுதிவிட்டார். எனக்கு உறுத்துவது ‘தீர்மானம் போட்டாச்சு’ என்ற பதில்தான்.

நகர்மன்றத்தில் கை தூக்கிய அன்றே, நகராட்சி தன் ஊருக்கென்று செய்துகொள்ளும் துணை விதி பிறந்துவிடாது. முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்து மன்றம் மறுபடி தீர்மானிக்க வேண்டும். அப்புறம் அரசின் ஒப்புதல், அதன் பிறகு அரசிதழ். அஜெண்டாவில் நாற்பதாவது பொருளாக வந்து, டீ வருவதற்குள் நிறைவேறும் தீர்மானம் இந்தப் படிகளில் ஒன்று மட்டுமே.

ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டு அபின் சட்டம் செய்தது. அதை ஊருக்கு அறிவிக்கவே இல்லை. அந்தச் சட்டத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட ஹர்லா என்பவரின் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம், மக்களுக்குத் தெரியும்படி வெளியிடாத சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று சொல்லி அவரை விடுவித்தது. உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முறைப்படி வெளியான விதியை ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெளியிட்ட விதத்தில் சின்னக் குறை இருந்தாலும் நீதிமன்றம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ராம்பூர் நகராட்சியின் தண்ணீர் வரி அறிவிப்பை இந்திப் பத்திரிகையில் போடச் சொன்னது சட்டம். அவர்கள் போட்டது உருதுப் பத்திரிகையில்; அறிவிப்பு மட்டும் இந்தியில். அதுவே போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதோடு, குப்பையைப் பிரிக்கவும் அபராதம் விதிக்கவும் உள்ளாட்சிகள் ஓராண்டுக்குள் துணை விதி செய்ய வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. ஆகவே உங்கள் ஊரில் முறையான விதி இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

சரி, இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். ‘விதி இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள்; ‘இருக்கிறது’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். வரைவு அறிவிப்பு எந்தத் தேதியில், எங்கே வெளியானது, இறுதித் தீர்மான எண், அரசு ஒப்புதல் ஆணை, அரசிதழ்ப் பக்கத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அரசிதழ் நகல் வந்தால் அதன் தேதியை ரசீதுத் தேதியோடு ஒப்பிடுங்கள். 500 ரூபாய் என்ற தொகையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால், பணத்தைத் திருப்பித் தரும்படி ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

உயர் நீதிமன்றம் போகலாமா என்றும் யோசிப்பீர்கள். தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் சென்னை. ஐந்நூறு ரூபாய்க்காக ரயில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைத்தெரு முழுக்க இதே ரசீது வந்திருந்தால் வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் போடுங்கள், அது வேறு கதை. அதுவரை இலைக்கு ஒரு கூடை, பாட்டிலுக்கு ஒரு கூடை வைத்துவிடுங்கள்.