டெஸ்ட் ரிசல்ட்ட நம்பலாமா? கம்பம் குமுளி பக்கத்துல இருந்து வந்த கேள்விகள்

கேள்வி (கம்பம்): டாக்டர், தம்பி சம்சாரம் மூணு மாசமா முழுகாம இருக்கு. செக்கப்ல எச்ஐவி முதல் டெஸ்ட் ரியாக்டிவ்னு (நோய் இருக்கலாம்னு காட்டுதுன்னு) சொல்லிட்டாங்க, ரெண்டு நாளா வீட்ல அடுப்பு எரியல.

பதில்: இன்னும் எதுவும் முடிவாகலம்மா, தம்பிகிட்ட மொதல்ல இத சொல்லுங்க. தொந்தரவு எதுவும் இல்லாதவங்களுக்கு வேற வேற கிட்ல மூணு டெஸ்டும் ரியாக்டிவா வந்தா தான் எச்ஐவின்னு சொல்லணும், நம்ம நாட்டு ரூலே அதான். ஒரு கணக்கு போட்டு பாருங்க, 10,000 கர்ப்பிணிங்கள்ல 20 பேருக்கு நோய்னு வெச்சுக்கோங்க, டெஸ்ட் அந்த 20 பேரையும் புடிச்சிடுது, மீதி 9,980 பேர்ல ஆயிரத்துக்கு அஞ்சு பேர மட்டும் தப்பா காட்டுது, ரொம்ப நல்ல டெஸ்ட் தான், ஆனா அந்த அஞ்சு அஞ்சா சேர்ந்தே 50 பேர் ஆயிடுது. ஆக 70 ரியாக்டிவ்ல 50 பேருக்கு ஒண்ணுமே இல்ல! நோய் அபூர்வமா இருக்குற கூட்டத்துல எந்த டெஸ்ட் போட்டாலும் இப்படித்தான். அடுத்த கிட் போடுறது இந்த 70 பேருக்கு மட்டும், இங்க ஏழுல ரெண்டு பேருக்கு நோய் இருக்கு, அதனால அந்த ரிசல்ட்டுக்கு வெயிட் ஜாஸ்தி. உறுதியானாலும் உடனே மாத்திரை ஆரம்பிச்சா குழந்தைக்கு போகாம பெரும்பாலும் தடுத்துடலாம். அந்த பொண்ண யாரும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க.

கேள்வி (வண்டன்மேடு): எங்க தோட்ட லயத்துல (தொழிலாளர் வீட்டு வரிசையில) எல்லாருக்கும் பனி டாக்டர். எனக்கு டெங்கு கார்டு டெஸ்ட் நெகட்டிவ், ஏலக்காய் எடுக்க போகலாமா?

பதில்: (மலையாளத்துல பனின்னா காய்ச்சல், மத்தவங்க குளிர்னு நெனச்சுக்காதீங்க.) போகாதீங்கக்கா. சுத்தி டெங்கு இருக்குறப்ப நெகட்டிவ்வ தான் சந்தேகப்படணும். 100 காய்ச்சல்ல 40 டெங்கு, கார்டு பத்துக்கு எட்ட புடிக்கும்னா 8 பேர் நழுவிடுறாங்க, ரெண்டே டெங்கு இருக்குற மாசத்துல அதே கார்டு ஒருத்தர விட்டாலே அதிகம். என்எஸ்1 டெஸ்ட் (டெங்கு வைரஸோட புரதத்த தேடுறது) மொத 5 நாள்ல தான் நல்லா புடிக்கும், அப்புறம்னா ஐஜிஎம் (உடம்பு உண்டாக்குற எதிர்ப்பு புரதம்) பாருங்க. பாரசிட்டமால் மட்டும் போதும், வலி ஊசி வேண்டவே வேண்டாம், காய்ச்சல் விடுற நேரத்துல வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம் வந்தா ராத்திரின்னாலும் ஜீப் புடிச்சு ஆஸ்பத்திரி வந்துடுங்க.

கேள்வி (போடி): நல்லா இருக்கேன், சும்மா ஃபுல் பாடி செக்கப் பண்ணலாமா?

பதில்: நார்மல் ரேஞ்சே நல்லா இருக்குற நூறு பேர்ல அஞ்சு பேர் வெளிய விழுற மாதிரி தான் வெச்சிருக்காங்க. 20 டெஸ்ட் போட்டா ஏதாவது ஒண்ணு செவப்புல வர்றது சகஜம். வயசுக்கு தேவையான சுகர், பிரஷர் போதும்.

கேள்வி (கூடலூர்): காய்ச்சல் வந்தாலே வைடல் (டைபாய்டுக்கான ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ், டைபாய்டு ஊசி போடுறாங்க. ஏன்?

பதில்: பழைய டைபாய்டு, தடுப்பூசி, வேற காய்ச்சல் எல்லாமே வைடல ஏத்தி காட்டும், ஒத்த வைடல வெச்சு நான் மருந்து எழுதுறதில்ல. ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமிய வளத்து பாக்குற டெஸ்ட்) கேளுங்க. தோட்டத்து அண்ணன் ஒருத்தர் இப்படித்தான் வைடல் பேப்பரோட வந்தாப்ல, சட்டைய கழட்ட சொல்லி அக்குள்ல பாத்தா பீடியால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு, ஸ்க்ரப் டைபஸ் (சின்ன உண்ணிப்பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்). டாக்ஸிசைக்ளின் குடுத்து ரெண்டே நாள்ல காய்ச்சல் எறங்கிடுச்சு.