மலை ஜீப்பும் வயரிங்கும்: வாசகர் கேள்வி-பதில்

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகள் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் வயரிங் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (பூப்பாறை): டீசல் ஜீப். பாடியைக் கழற்றி, சேசிஸ் முழுக்கப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டினோம். அதிலிருந்து பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. செல்ஃபும் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி புதியது. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெயிண்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எர்த், அதாவது கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, போயிருக்கிறது.

பிரேக் பல்பும் இண்டிகேட்டர் பல்பும் ஒரே கூட்டில் இருக்கின்றன. அந்தக் கூட்டின் எர்த் பெயிண்டுக்கு மேல் உட்கார்ந்துவிட்டால், பிரேக் பல்புக்குப் போன கரண்ட் இறங்க வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் புகுந்து, அந்த வயரிலேயே பின்னோக்கிப் போய், முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தில் இறங்கும். இரண்டு மங்கல் விளக்குகள் சேர்ந்து எரிவதற்கு இதுதான் காரணம்.

செல்ஃபுக்கும் நோய் அதேதான். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. டீசல் செல்ஃப் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை இல்லாவிட்டால் அத்தனை கரண்டும் ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். செல்ஃப் அடித்து நிறுத்தியதும் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

சந்தேகம் தீர மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் தலையில் இருக்கட்டும். கிளாம்பில் வைக்க வேண்டாம், ஈயத் தலையிலேயே வையுங்கள். மறு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டது. அதே சோதனையைச் சேசிஸிலும் செய்தால் எந்த இணைப்பில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

மூன்று எர்த் கட்டாயம்: பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ், சேசிஸிலிருந்து பாடி. முதல் இரண்டுக்கும் 35 சதுர மி.மீ.க்குக் குறையாத கேபிள் போடுங்கள். பாடிக்கு 10 போதும். போல்ட் உட்காரும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். பின் விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் கூட்டிலிருந்து சேசிஸுக்குத் தனியாக 1.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் இழுத்துவிட்டால், அடுத்த முறை பெயிண்ட் அடித்தாலும் இந்தத் தொல்லை வராது.

கேள்வி (சூரியநெல்லி): பனிமூட்டத்தில் ஹெட்லைட் மஞ்சளாக, சோகையாக எரிகிறது. 100/90 வாட் பல்பு போட்டேன். கொஞ்ச நாளில் ஹோல்டர் உருகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு 60/55 வாட் எச்4 பல்பையே போடுங்கள். குறை பல்பில் இல்லை, அதற்கு வரும் வழியில் இருக்கிறது.

பழைய ஜீப்பில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சுக்கு ஏறி, கால் மிதியில் உள்ள டிம்-பிரைட் சுவிட்சுக்கு இறங்கி, பிறகுதான் முன்னால் போகிறது. இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர், 1 சதுர மி.மீ. வயரில் ஆறு மீட்டர் பயணம் செய்தால் வயரிலேயே சுமார் 1 வோல்ட் காணாமல் போகும். சேறு குடித்த கால் சுவிட்சு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் விழுங்கும். பல்புக்கு வரும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 100 வாட் பல்பு இதே வழியில் இன்னும் அதிகம் இழுத்ததால்தான் ஹோல்டர் உருகியது.

நான்கு கால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்சு; கால்களுக்கு எண் உண்டு) இரண்டு வாங்குங்கள், பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் 30-ஆம் காலுக்கு வரட்டும். 87-லிருந்து வலது, இடது பல்புக்குத் தனித்தனி 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் போகட்டும். கால் சுவிட்சிலிருந்து வரும் பழைய வயரை 86-இல் மாட்டி, 85-ஐ எர்த்தில் சேருங்கள். இனி சுவிட்சில் ஓடுவது ரிலேயை இழுக்கும் சின்னக் கரண்ட்தான். ஃபியூஸ் நான்கு எதற்கு என்று கேட்பவர்கள், கொண்டை ஊசி வளைவில் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைவதை நினைத்துக்கொள்ளட்டும். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கும்.

பனிமூட்டத்தில் பிரைட் போட வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

கேள்வி (வண்டிப்பெரியாறு): குட்டை வீல்பேஸ் ஜீப், வயரெல்லாம் ஒட்டுப்போட்டவை. புதிதாகவே இழுக்கப் போகிறேன். என்ன வயர், எவ்வளவு வாங்க வேண்டும்? ஜாயிண்டுகளுக்கு ஈயம் வைக்கலாமா?

பதில்: உங்கள் வண்டிக்கு முழு வயரிங் நியாயமானதுதான். பழைய வயரின் நுனியில் இரண்டு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ, பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் உறைக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருக்கிறது. அதை ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

1.5 சதுர மி.மீ. ஐம்பது மீட்டர் (நான்கைந்து நிறங்களில்), 2.5 பதினைந்து மீட்டர், 6 ஐந்து மீட்டர் என்று தொடங்கலாம். வாங்குமுன் வண்டியில் சணல் கயிறு பிடித்து அளந்து, பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரில் இழைகள் தடிமன், மலைப்பாதைக் குலுக்கலில் ஒடியும். மலிவாகக் கிடைத்தால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஈயம் வேண்டாம். ஈயம் ஊறிய வயர் கம்பிபோல் விறைத்துவிடும்; ஈயம் முடிகிற இடத்தில் அதிர்வில் ஒடியும். சரியான அளவு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), அதை வயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் நல்ல கிரிம்பிங் பிளையர், மேலே பசையுள்ள சுருங்கும் ஸ்லீவ் போதும். சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. கிரிம்ப் செய்ததும் ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். வருவதாக இருந்தால் இப்போதே கையோடு வரட்டும்.

பழைய ஹார்னஸை (மொத்த வயர்க் கட்டை) கழற்றும்போது ஒவ்வொரு நுனியிலும் காகித டேப் ஒட்டி எழுதிவையுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பல கைகள் பட்ட வண்டியில் நிறத்துக்குப் பொருள் கிடையாது. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடு) துளையில் ரப்பர் குரோமெட் (விளிம்பு வளையம்) இல்லாமல் வயரை நுழைக்க வேண்டாம். வயர்களுக்கு மேல் போடும் நெளிகுழாயின் பிளவு கீழே பார்க்கட்டும்.

கேள்வி (குமுளி): டேஷ்போர்டில் ஆம்மீட்டருக்குப் பின்னால் வயர் கருகிய வாடை. முள் ஆடுகிறது.

பதில்: இன்றே பேட்டரி மைனஸைக் கழற்றிவையுங்கள். செல்ஃப் தவிர்த்த மொத்தக் கரண்டும் அந்த மீட்டரின் இரண்டு நட்டு வழியாகத்தான் போகிறது. பல வண்டிகளில் அந்த வழியில் ஃபியூஸும் கிடையாது. நட்டு தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். மீட்டரை நீக்கிவிட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரி பிளஸுக்கு 10 சதுர மி.மீ. வயரை நேராக இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். டேஷ்போர்டு ஃபியூஸ் பெட்டிக்குப் பேட்டரியிலிருந்தே தனி ஃபியூஸ் வைத்து வேறு வயர் கொடுங்கள். பியூஜோ இன்ஜின் என்றால், குளிரில் டீசலை ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர் பிளக்குகள் நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். அவற்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ் வேண்டும். மீட்டர் இருந்த ஓட்டையில் வோல்ட்மீட்டர் மாட்டலாம். வண்டி நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

கேள்வி (மறையூர்): சார்ஜ் விளக்குக்கு எல்.இ.டி. போட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆனதும் சார்ஜ் ஏறுவதில்லை. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் ஏறுகிறது. ஆல்டர்நேட்டர் போய்விட்டதா?

பதில்: இல்லை. அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்நேட்டரை முதலில் தூண்டிவிடுகிறது. எல்.இ.டி. விடுகிற கரண்ட் அதற்குப் பற்றாது. பழைய மாதிரி 2 அல்லது 3 வாட் இழை பல்பையே திரும்பப் போடுங்கள். சாவியைத் திருப்பினால் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்.