சுவிஸ் இண்டோர்ஸ் ஃபெடரருக்கு முன்பே இருந்தது

"டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் ஓய்வு பெற்ற பிறகு சுவிட்சர்லாந்தின் பாசலில் நடக்கும் சுவிஸ் இண்டோர்ஸ் டென்னிஸ் போட்டியை ஏன் பார்க்க வேண்டும்? அவர் பிறந்த ஊர் என்பதைத் தவிர அதற்கு வரலாறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு டென்னிஸ் பார்க்கத் தொடங்கியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு முதல் பாசல் இறுதியாட்டத்தில் பெரும்பாலும் அவரையே பார்த்த ஒருவருக்கு இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்புதான். ஆனாலும் இந்த ஊரில் நெடுங்காலமாக வாழ்பவன், மகளை அந்த அரங்கிற்குப் பந்து எடுத்துக் கொடுக்க அனுப்பிய தகப்பன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சொந்த ஊர்ப் பாசத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பாசம் இருப்பது உண்மை, ஆனால் கீழே வரும் ஆண்டுகளும் பெயர்களும் யாரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை.

ரோஜர் பிரென்வால்ட் என்ற பாசல்காரர் இந்தப் போட்டியை 1970இல் தொடங்கினார். அப்போது ஒழுங்கான அரங்கம்கூட இல்லை. காற்றடைத்து எழுப்பிய ஒரு கூடாரத்திற்குள்தான் ஆடினார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் பெர்கர் முதல் வெற்றியாளரானார், அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு கைக்கடிகாரம். எழுபதுகளின் நடுப்பகுதியில் போட்டி சங்க்ட் யாக்கோப் அரங்கிற்கு வந்து சேர்ந்தது. 1977இல் பியோர்ன் போர்க் இங்கே வென்றார். அதே போர்க்கை 1980 இறுதியாட்டத்தில் ஐந்து செட் ஆடி வீழ்த்திய இவான் லெண்டில், அடுத்த ஆண்டும் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார். ஸ்டெஃபான் எட்பெர்க் மூன்று முறை வென்றார். 1990இல் ஜான் மெக்கன்ரோ முதல் இரண்டு செட்களையும் கோரான் இவானிசெவிச்சிடம் இழந்த பின் எழுந்து வந்து வென்றது, அவருடைய விளையாட்டு வாழ்வின் கடைசி வெற்றிகளுள் ஒன்று. மறு ஆண்டு இறுதியில் அதே மெக்கன்ரோவை சுவிஸ் வீரர் யாக்கோப் ஹ்லாசெக் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வென்றார். அதன் பின் பெக்கர், ஸ்டிக், சாம்ப்ராஸ் என்று பட்டியல் நீள்கிறது. இவ்வளவும் ஃபெடரர் ஒரு தொழில்முறைப் பட்டத்தைக்கூட வெல்வதற்கு முன் நடந்தவை.

ஆகவே இந்தப் போட்டியை ஃபெடரர் உண்டாக்கினார் என்பதைவிட, ஃபெடரர் உருவானதில் இந்தப் போட்டிக்கும் பங்குண்டு என்பதே சரி. 1981இல் பாசலில் பிறந்து, அரங்கிற்கு அருகிலுள்ள மூன்சென்ஸ்டைனில் வளர்ந்த அவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக இருந்தார். அவருடைய தாயாரும் போட்டி ஏற்பாடுகளில் வேலை செய்தவர். உலகின் முதல்தர ஆட்டக்காரர்களை ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பார்த்த ஒரு பிள்ளை, 1998இல் பதினேழு வயதில் வைல்ட் கார்ட் (தரவரிசை போதாவிட்டாலும் ஏற்பாட்டாளர்கள் தரும் இடம்) பெற்று அதே ஆடுகளத்திற்குள் இறங்கி, முதல் சுற்றிலேயே ஆந்த்ரே அகாசியிடம் 6-3, 6-2 என்று தோற்றான். அந்த அகாசியை இறுதியில் டிம் ஹென்மன் வென்றார். ஃபெடரருக்கு 2000 இறுதியில் தோமஸ் என்குவிஸ்ட்டிடம் ஐந்து செட்களில் தோல்வி, 2001 இறுதியில் ஹென்மனிடம் தோல்வி, 2004இலும் 2005இலும் காயத்தால் ஆடவே முடியவில்லை. 2006இல் ஃபெர்னாண்டோ கொன்சாலெஸை வென்று ஃபெடரர் இந்தக் கோப்பையை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அவரிடம் ஏற்கெனவே ஒன்பது கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் வெல்லும் பட்டங்கள்) இருந்தன. விம்பிள்டனை நான்கு முறை வென்றவருக்குச் சொந்த ஊர்க் கோப்பை அவ்வளவு காலம் கிட்டவில்லை என்பதை, "அது அவருக்காகவே நடக்கும் போட்டி" என்று எழுதுபவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் அவர் பத்து முறை வென்றார் என்பதும், 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் டெல் பொட்ரோ அவரை இறுதியில் தோற்கடித்தார் என்பதும் சேர்ந்ததுதான் அந்த வரலாறு.

நான் ஃபெடரரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் டி மினோரை வென்று பத்தாவது முறை கோப்பையைப் பெற்றபோது, பரிசளிப்பு நேரத்தில் அவர் கண்கலங்கியதைப் பார்த்து நானும் கலங்கினேன். அது அவருடைய 103ஆவது பட்டம். அதன் பிறகு அவர் எங்கும் பட்டம் வெல்லவில்லை. இறுதியாட்டம் முடிந்ததும் பந்துப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பீட்சா சாப்பிடும் வழக்கத்தையும் அவர் ஆண்டுதோறும் கடைப்பிடித்தார். என் மகள் பந்து எடுக்க விரும்பியதற்குக் காரணமே அந்தப் படங்கள்தான்.

ஆனால் 2020, 2021 இரு ஆண்டுகளும் தொற்றுநோயால் போட்டி நடக்கவில்லை. 2022இல் அவளுக்கு இடம் கிடைத்த நேரத்தில், செப்டம்பர் மாதம் லண்டனில் ஃபெடரர் விடைபெற்றுவிட்டார். அவள் அன்றிரவு அழுதாள், மறுநாள் பயிற்சிக்குப் போனாள். பந்தை எறியாமல் தரையோடு ஒட்டி உருட்ட வேண்டும், அடுத்த முனையில் நிற்பவரின் கைக்கு நேராக அது போய்ச் சேர வேண்டும், சர்வ் என்னும் முதல் அடி தொடங்குமுன் உடலை அசைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதையெல்லாம் வீட்டு நடையில் தம்பியை எதிர்முனையில் நிறுத்தித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். முதல் ஏழு கேம்களுக்குப் பிறகும், அதன் பின் ஒவ்வொரு ஒன்பது கேம்களுக்குப் பிறகும் புதிய பந்துகள் வரும் என்ற கணக்கு எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். இதைப் பார்த்த எங்கள் உறவினர் ஒருவர், "பந்து பொறுக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால மறிச்சு அனுப்புறியள்?" என்று கேட்டார். கணிதத்திற்கும் பரதத்திற்கும் பிள்ளைகளை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் எங்கள் சமூகத்தில், விளையாட்டு என்றதும் நேரம் வீணாகிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத மனக்குறை. இந்த ஊரின் மிகப் பெரிய ஆட்டக்காரரும் இதே அரங்கில் பந்து பொறுக்கியவர்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த வாரம் மேல் தட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் உள்ளரங்க டென்னிஸ் எவ்வளவு தனியானது என்று உணர்ந்தேன். காற்றும் வெயிலும் இல்லாததால் சர்வ் அடிக்க மேலே எறியும் பந்து நினைத்த இடத்தில் நிற்கும். ஒவ்வோர் அடியின் ஓசையும் கூரையில் பட்டுத் திரும்பும். தோற்றவர் வானிலையைக் காரணம் காட்ட முடியாது. 2006வரை இங்கே பந்து தாழ்ந்து வழுக்கிச் செல்லும் கார்பெட் தளம் இருந்தது, 2007இலிருந்து ஹார்ட் கோர்ட் என்னும் கடினத் தளம். 2009இல் கார்பெட் தளத்தை ஆடவர் தொழில்முறைச் சுற்றே கைவிட்டுவிட்டது. வலையை நோக்கி ஓடிவந்து ஆடும் பாணி நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வெல்பவருக்கு 500 தரவரிசைப் புள்ளிகள் தரும் வகைக்கு பாசல் உயர்ந்ததும் அதே 2009இல்தான்.

ஃபெடரர் இல்லாத அந்த 2022இல், உலகின் முதல்நிலை வீரராக வந்த அல்கராஸை அரையிறுதியில் ஃபீலிக்ஸ் ஓஜே-அலியாசிம் வென்று, இறுதியில் ஹோல்கர் ரூனையும் வென்றார். மறு ஆண்டும் அவரே வென்றார். 2024இல் பிரான்சின் மப்பெத்ஷி பெரிக்கார், 2025இல் பத்தொன்பது வயதான பிரேசிலின் ஜோவாவ் ஃபொன்செக்கா. இவர்களுள் யார் நாளைய லெண்டில், யார் நாளைய எட்பெர்க் என்று இப்போது சொல்ல முடியாது. போர்க்கை எதிர்த்து ஆடிய இருபது வயது லெண்டிலைப் பார்த்தவர்களுக்கும் அன்று அது தெரிந்திருக்காது.

நேரில் வரும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இறுதியாட்டச் சீட்டுக்காகக் காத்திருக்காமல் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமைக்கு எடுங்கள். ஒற்றையர் பிரிவில் முப்பத்திரண்டு பேர் ஆடுவதால் அந்த நாள்களில் ஆட்டத்திற்குப் பின் ஆட்டமாக நிறையப் பார்க்கலாம். அக்டோபர் கடைசி வாரம் என்பதால் பாசலின் இலையுதிர்காலச் சந்தையும் பெரும்பாலும் போட்டியின் கடைசி நாள்களில் நகருக்குள் தொடங்கிவிடும். இயன்றால் ஆடுகளத்தின் மூலைப் பக்கம் இருக்கை கேளுங்கள். பந்துப் பிள்ளைகள் வேலை செய்வது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.