தண்ணீர் ஊற்றுமுன் வேரைப் பாருங்கள்: ஆர்க்கிட் கேள்வி-பதில்

என் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலையெல்லாம் தொய்ந்து சுருங்கிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. பிழைக்குமா? (சாட்ஸ்வொர்த், டர்பன்)

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். தாகத்தில் இலை தொய்யும், வேர் அழுகினாலும் அதேபோலத்தான் தொய்யும். உறிஞ்ச வேரே இல்லாதபோது எவ்வளவு ஊற்றி என்ன?

செடியை எடுத்து, பழைய மரப்பட்டைத் துண்டுகளை உதறிவிட்டு வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது நல்ல வேர். கொழகொழவென்று நசுங்குவதை, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டிய முனையில் கறிக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் துளி தொட்டு வைக்கலாம். நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைத்துவிடும் என்பதால் தாராளம் வேண்டாம்.

அப்புறம் புது மரப்பட்டையில், வேர் கொள்ளும் அளவுக்கே ஆன சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுகவைக்கும். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கொடுங்கள். பச்சையாக இருக்கும்வரை கை வைக்காதீர்கள். டர்பன் கோடையில் காற்றே ஈரம்தான், செடி வளர்க்கும் பசுமைக்குடிலுக்குள் சின்ன மின்விசிறி ஒன்று ஓடட்டும். புது வேர் விடும்வரை உரம் கிடையாது. தொய்ந்த பழைய இலை முழுதாக நிமிராமலும் போகலாம். புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

குளிருக்காகக் குடிலில் பாரஃபின் ஹீட்டர் வைத்தேன். ஜூன் மாதம் ஃபலனாப்சிஸ் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

எனக்கு அந்த ஹீட்டர் மேல்தான் சந்தேகம். பாரஃபினோ கேஸோ சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வரும். காயைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான் மொட்டையும் உதிர்க்கும். (வாழைத்தாரைக் குடிலில் பழுக்கப் போட்டிருந்தால் அதையும் வெளியே எடுங்கள்.) மின் ஹீட்டருக்கு மாறுங்கள். கரண்ட் போகும் இரவுகளுக்காகக் குடிலின் உட்புறம் குமிழ் பிளாஸ்டிக் ஒட்டி வையுங்கள். இரவில் 16 டிகிரி செல்சியஸ் இருந்தால் இந்தச் செடிக்குப் போதும். உங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று வறண்டது, அதுவும் மொட்டைக் கொட்டும். காலையில் தரையை நனைத்து விடுங்கள்.

அம்மா வளர்த்த சிறுத்தை ஆர்க்கிட் குடிலுக்குள் வந்ததிலிருந்து பூக்கவே இல்லை. வேர் வேறு மேல்நோக்கி நிற்கிறது. (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

வெளியே கொண்டுபோங்கள், அது இந்த மண்ணின் செடி. ஆன்செலியாவுக்கு (சிறுத்தை ஆர்க்கிட்டின் தாவரப் பெயர்) நிறைய வெளிச்சம் வேண்டும். சட்டென்று வெயிலில் வைக்காமல் மெல்ல மெல்லப் பழக்குங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மேல்நோக்கிய வேர் நோயல்ல, உதிரும் சருகைப் பிடிக்கத்தான் அப்படி வளர்கிறது. வெட்டிவிடாதீர்கள்!

டிசா ஆர்க்கிட்டுக்கும் இதே பக்குவம்தானா? (கேப் டவுன்)

இல்லவே இல்லை. சிவப்பு டிசா மேசைமலை நீரோடை ஓரத்தில் வளர்வது. வேர் எப்போதும் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் கொடுங்கள், உரம் மிக மிக நீர்த்ததாக இருக்கட்டும். சாட்ஸ்வொர்த்காரருக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கை இதற்குப் போட்டால் செடி காய்ந்தே போகும்.